நுரைச்சட்டியை வாசலுக்கு நேரே வைத்திருக்கிறேன்

மகன்,

கடிதம் என்றால் முதல் வரியில் எல்லோரும் சுகம் என்று எழுதவேண்டுமாம். அப்பாவின் கால் சுகமில்லை. என் கடைவாய்ப் பல் சுகமில்லை. உன் மீன்கள் மட்டும் நல்ல சுகம், என்னைவிடக் கொழுத்திருக்கின்றன. ஆகவே அவற்றின் சுகத்தை எழுதித் தொடங்குகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதுகிற கடிதம் இது. பிழை பிடித்து உன் அறைக் கூட்டாளிகளுக்குக் காட்டிச் சிரிக்காதே. சிரிக்காமல் இருக்க முடியாவிட்டால் தனியே இருந்து சிரி.

போன முறை டோஹாவிலிருந்து பேசியபோது நீ மூன்று கேள்வி கேட்டாய். மீன் தொட்டிக்கு அனுப்பின ஸ்கிம்மரை எங்கே வைத்திருக்கிறியள் என்று கேட்டாய். நுரை வருதோ என்று கேட்டாய். கடைசியாக, “ஆவணிக் கலியாணத்துக்கு டிக்கெட் போடட்டோ அம்மா?” என்றாய். முதல் இரண்டுக்கும் வாய் நிறையப் பதில் சொன்னேன். மூன்றாவதுக்கு, “லைன் இழுக்குது மகன், ஒண்டும் கேக்கேல்லை” என்று வைத்துவிட்டேன். லைன் இழுக்கவில்லை. நீ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. போனில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. தபாலில் போடக்கூடியதும் இல்லை. கொழும்பு வழியாக டோஹாவுக்கு வருகிற ஒருவரின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரியைத் தேடி நீ தாளைப் புரட்ட வேண்டாம். டிக்கெட் போடாதே. நீ வரவேண்டாம். உன் கலியாணம் நடக்கும், ஆனால் இந்த வீட்டில் நடக்காது. ஏன் என்பதை இனி ஆறுதலாகச் சொல்கிறேன். நீயும் ஆறுதலாக வாசி.

நீ அந்தச் சாமானை ஏன் அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும். காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கக்கூடாது என்று தடை வந்த பிறகு, வர்ண மீன் பிடித்துக்கொண்டிருந்த நீ உத்தியோகம் தேடிப் போய்விட்டாய். தொட்டியை மட்டும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். அதற்குக் கடல் தண்ணீர் மாற்ற நான் உப்புவெளிக் கரைக்குப் பிளாஸ்ரிக் கானோடு போகவேண்டியிருந்தது. ஒருநாள் ஆமிக் காவலரணில் நின்ற பொடியன் கானைத் தட்டிப் பார்த்தான். “என்ன எண்ணெய்?” என்று கேட்டான். கடல் தண்ணீர் என்றேன். ஊரைச் சுற்றிக் கடலை வைத்துக்கொண்டு ஒருத்தி கானில் கடல் தண்ணீர் கொண்டுபோவதை அவன் எப்படி நம்புவான்? “அம்மா, குடிங்க” என்றான். மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்தேன். “கொஞ்சம் தேசிக்காய் பிழிஞ்சால் நல்லம் தம்பி” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தான். இதை நான் போனில் உனக்குப் பகிடியாகச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த மாதமே, தண்ணீர் அடிக்கடி மாற்றத் தேவையில்லாதபடி அழுக்கை நுரையாக்கித் தள்ளுகிற குழாய் ஒன்றை இராசனிடம் கொடுத்து அனுப்பினாய். புரோட்டீன் ஸ்கிம்மர் என்று நீ சொல்கிற பெயர் என் வாயில் நிற்பதில்லை. நான் அதை நுரைச்சட்டி என்றுதான் சொல்வேன். அதுவும் கோபிப்பதில்லை.

இராசன் தன் சாரங்களுக்குள் சுற்றி, பிள்ளையைக் கொண்டுவருவதுபோல அதைக் கொண்டுவந்தான். அடுத்த வீட்டுக் கமலாக்காவின் மகன் என்றாலும் பாதிநாள் நம் வீட்டில் வளர்ந்தவன்தானே. அங்கே உன் அறையில் படுத்தான், இங்கே லீவில் வந்தும் உன் தொட்டிக்கு முன்னால் குந்தினான். நீ சொல்லிவிட்டபடியே தொட்டிக்குக் கீழே இருக்கிற அலுமாரியைத் திறந்து, தடுப்புப் போட்ட கண்ணாடிப் பெட்டியை உள்ளே வைத்து, அதில் மேலிருந்து வடிகிற தண்ணீர் முதலில் வந்து விழுகிற அறைக்குள் நுரைச்சட்டியை நிறுத்தினான். அழுக்குத் தண்ணீர் வந்த கையோடு அதற்குள் போகவேண்டும், மோட்டார் அதை மேலே அனுப்புவதற்கு முன்னால் நுரை பிரிந்துவிட வேண்டும் என்றான். உயரம் சரிவரவில்லை. கீழே ஒரு ஓட்டுத்துண்டு வைத்துப் பார்த்தான், எடுத்துப் பார்த்தான், பிறகும் வைத்தான்.

“மாமி, இது தண்ணிக்குள்ள இவ்வளவுதான் நிக்கவேணும். கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை.”

“உன்ர கொம்மா உனக்குப் போடுற சோறு மாதிரியோ?”

“அவ போடுறது கூடித்தான் பிழை மாமி. குறைஞ்ச சரித்திரமே இல்லை.”

ஆழம் கூடினால் நுரைக்குப் பதில் வெறும் தண்ணீர் ஏறிக் கிண்ணம் நிரம்புமாம். குறைந்தால் உள்ளுக்குள்ளேயே கொதித்துக்கொண்டிருக்குமாம், ஒன்றும் மேலே வராதாம். கரண்ட் நின்றால் மேலே உள்ள தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும், அதற்குப் பெட்டியில் இடம் விட்டிருக்கிறேன், ஆசைப்பட்டு நிரப்பிப் போடாதையுங்கோ என்றான். நம் ஊரில் கரண்ட் நிற்காத நாள் ஏது? அதனால் அதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டேன். எல்லாம் பூட்டி முடித்து மோட்டாரைப் போட்டால் சத்தம் வந்தது, நுரை வரவில்லை. “என்னடா, டோஹாவில நுரை வரும், திருகோணமலையில வராதோ?” என்றேன். “புதுசு மாமி. பிளாஸ்ரிக் தண்ணியில ஊறவேணும். ஒரு கிழமையில வரும், பாருங்கோ” என்றான்.

நுரை வந்ததை அவன் பார்க்கவில்லை. நீ அங்கே கேள்விப்பட்டிருப்பாய். நீயும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருமுறை மட்டும், “இராசன் வந்திட்டானோ?” என்று சின்னக் குரலில் கேட்டாய். அதற்கு நான் கோமாளி மீன் முட்டை வைத்ததைப் பற்றிச் சொன்னேன். இப்போது சொல்கிறேன், கேள். பட்டப்பகல். படலையடியில் நின்று சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான். வந்தவர்கள் யார் என்று இன்றுவரை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பெயரைக் கேட்டார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தாய், எப்போது வந்தாய் என்று கேட்டார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்கள். அவன் கையைத் துடைத்து, கொடியில் கிடந்த சேட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, “அம்மா, சோத்தை மூடி வையுங்கோ, வந்திடுவன்” என்று சொல்லிவிட்டுப் போனான். கமலாக்கா மூடி வைத்தாள். அன்று மத்தியானம் நானும் சோறு சாப்பிட்டேன் மகன். குழம்புக்கு உப்புக் குறைவு என்று அப்பாவிடம் குறைகூடச் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கோப்பை கழுவும்போதுதான் நான் சாப்பிட்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. அழுகை வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னம்போலவோ இருக்கும். எனக்கு முழு உடம்பும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. பகிடி விடுவது மட்டும் நிற்கவில்லை. அது வாய்ப்பழக்கம்.

அந்தக் கிழமைக்குள்ளேயே நுரை வந்தது. காலையில் அலுமாரியைத் திறந்தேன், கிண்ணத்துக்குள் தேத்தண்ணி நிறத்தில் நுரை ஏறி நிற்கிறது. சந்தோசத்தில் ஓடிப்போய் வேலிக்கு மேலால், “இராசன், நுரை வந்திட்டுதடா!” என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கம் கமலாக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த சேலையை உதறினாள். “சொல்லுறன்” என்றாள். அவ்வளவுதான். நான் உள்ளே வந்து கிண்ணத்தைக் கழுவினேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் நம் ஒழுங்கையில் சுற்றிவளைப்பு. ஆமிக்காரர் வீடு வீடாக வந்தார்கள். நம் வீட்டில் அலுமாரிகளைத் திறக்கச் சொன்னார்கள். உடுப்பு அலுமாரியைத் திறந்தேன். குசினி அலுமாரியைத் திறந்தேன். தொட்டிக்குக் கீழே கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே இருந்து குமுகுமு என்று சத்தம் வருகிறது. ஒருவன் துவக்கின் முனையால் கதவை விலக்கினான். நீயே யோசித்துப் பார். இருட்டுக்குள் ஒரு நீட்டுக் குழாய், அதற்குள் கொதிப்பு, சுற்றிவர வயர், டியூப். எனக்கே ஒரு நொடி பயமாகத்தான் இருந்தது. “மொகத மே?” என்று கேட்டார்கள். இது என்ன என்று கேட்கிறார்கள், அந்தளவு சிங்களம் எனக்குத் தெரியும். பதில் சொல்கிற அளவுக்குத் தெரியாது. அப்பா கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தார், இருக்கச் சொன்னார்கள். தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒருவன் முன்னால் வந்தான்.

“அம்மா, என்ன இது? சத்தம் வாறது?”

“மீன்ர அழுக்குத் தம்பி. நுரை. தண்ணியைக் கொதிக்கவைச்சு, இல்லை, கொதிக்கவைக்கிறேல்லை...” கையை ஆட்டுகிறேன், வாய் பின்னுகிறது. கடைசியில் என் குசினிதான் கைகொடுத்தது. “பருப்பு அவிக்கேக்க மேல நுரை வருமே? அகப்பையால எடுத்து ஊத்துவமே? பருப்பு! பருப்பு!”

“பரிப்பு?” என்றான் அவன்.

அவர்கள் மொழியிலும் அது அதுதானே. “ஓம், ஓம், பரிப்பு!” என்றேன். அவன் திரும்பி மற்றவர்களிடம், “பரிப்பு” என்று சொன்னான். நான் மீனுக்கு அலுமாரிக்குள் வைத்துப் பருப்பு அவிக்கிறேன் என்று விளங்கிக்கொண்டார்கள்போல. ஒருவன் குனிந்து கிண்ணத்தைக் கழற்றி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். நாள்பட்ட மீன் அழுக்கு எப்படி மணக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அவன் முகம் போன கோலத்தைப் பார்த்து முதலில் சிரித்தது அவர்களின் பெரியவர். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். “உப்புப் போட மறந்திட்டன்” என்று நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே கிண்ணத்தை வாங்கித் திரும்ப மாட்டினேன்.

யார் இதைப் பூட்டியது என்று கேட்டார்கள். இராசன் பெயரைச் சொல்ல ஏலுமா? “நான்தான்” என்றேன். பெரியவர் ஏதோ சொன்னார், தமிழ் தெரிந்தவன் மாற்றிச் சொன்னான். “அலுமாரிக்குள்ள வேண்டாம் அம்மா. வெளிய வையுங்க, எல்லாருக்கும் தெரியிற மாதிரி. நாளைக்கு வேற ஆள் வந்தா பயப்படும். பயந்தா சுடும்.” நல்லது தம்பி என்றேன். போகும்போது அவன் சுவரில் உன் படத்தைக் கண்டுவிட்டான். “மகன்?” என்றான். வெளிநாடு என்றேன். “எப்ப வாறது?” என்று கேட்டான். குறுக்குக் கேள்வி இல்லை மகன், மெய்யாகத்தான் கேட்டான். “எங்கட அம்மாவும் போன்ல இதுதான் கேக்கிறது” என்றும் சொன்னான். ஆனால் அந்தக் கேள்வி என் காதில் இராசனிடம் படலையடியில் கேட்ட கேள்வியாகத்தான் விழுந்தது. நான் யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது. “அவன் வரமாட்டான்.” சொன்ன பிறகுதான் அது என் முடிவு என்று எனக்கு விளங்கியது.

அன்றைக்கே நானும் அப்பாவும் கண்ணாடிப் பெட்டியை அலுமாரிக்குள்ளிருந்து இழுத்து எடுத்தோம். அப்பா இருந்த இடத்திலிருந்து கட்டளையிட்டார், நான் இழுத்தேன், அதுதான் எங்கள் குடும்பத்தில் கூட்டுவேலை. இப்போது நுரைச்சட்டி முன் ஹோலில், வாசலுக்கு நேரே, விருந்தினர் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் இருக்கிறது. நீ வேண்டாம் என்று சொன்ன இடம்தான். வடிகுழாய் எட்டவில்லை, தோட்டத்து ஹோஸில் ஒரு துண்டு வெட்டிச் சேர்த்தேன். தரை ஒரு பக்கம் சரிவு என்பது அதை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, ஒரு பக்கத்துக்கு இரண்டு ஓட்டுத்துண்டு போடவேண்டி வந்தது. காலை வெயில் பெட்டியில் அடிப்பதால் பாசி பிடிக்கிறது, ஒரு சாக்கைத் தொங்கவிட்டேன். சாக்குத் தொங்கினால் எதையோ மறைக்கிறாய் என்பார்கள் என்றார் அப்பா. எடுத்துவிட்டேன். பாசியைச் சுரண்டுகிறேன். திறந்த இடத்தில் தண்ணீர் கெதியில் வற்றுகிறது, ஆழம் குறைந்தால் நுரை நின்றுவிடும், ஆகவே தினமும் காலையில் இராசன் சொன்ன உயரத்துக்கு நல்ல தண்ணீர் விட்டு நிரப்புகிறேன். உப்புத் தண்ணீர் விடுவதில்லை, பயப்படாதே. ஒருமுறை தலைக்கு எண்ணெய் வைத்த கையை அப்படியே உள்ளே விட்டு மோட்டாரைத் துடைத்தேன். நுரை படுத்துவிட்டது. இரண்டு நாளாக எழும்பவேயில்லை. இனிமேல் என் தலைக்கு எண்ணெயா உன் சட்டிக்கு நுரையா என்று வந்தால் தலை காய்ந்துதான் கிடக்கும். நீ கட்டப்போகிற சுகந்தியின் தகப்பன் கலியாணம் பேச வந்தபோது அதற்குப் பக்கத்தில்தான் இருத்தினேன். கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பால் விடாத தேத்தண்ணியோ?” என்று கேட்டார். “ஓம், சம்பந்திக்கு எண்டு விசேசமா வைச்சது” என்றேன். திரியாயிலிருந்து எல்லாவற்றையும் விட்டு இடம்பெயர்ந்து வந்த மனிசன், எத்தனை நாளுக்குப் பிறகோ, தொடையில் தட்டிச் சிரித்தார்.

நுரைச்சட்டிக்கு இடம் கிடைத்துவிட்டது. அதன்பிறகு ஒருநாள் காலை, அப்பா நித்திரையாக இருக்கும்போது, உன்னை எங்கே வைப்பது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். முன் ஹோலில் இருத்தினால் றோட்டில் போகிறவன் காண்பான். உன் அறையில் இருத்திக் கதவைச் சாத்தினால் ஏன் சாத்தியிருக்கிறது என்பான். திறந்து வைத்தால் இது யார் என்பான். குசினிக்குள் இருத்தினால் நீ சட்டியெல்லாம் வழித்துவிடுவாய். பகிடி கிடக்கட்டும். தமிழ் தெரிந்த அந்தப் பொடியனுக்கு உன்னைக் கைகாட்டி, பருப்பு நுரை என்று சொல்லி என்னால் சிரிக்கவைக்க ஏலாது. உனக்கு வயது இருபத்தேழு. நல்ல உயரம். வெளிநாட்டிலிருந்து வந்தவன். இந்த வீட்டில் இப்போது உனக்கு ஓர் இடம் இல்லை மகன். என்னை ஒன்றும் செய்யமாட்டார்கள், நான் ஒரு பிழையும் செய்யவில்லையே என்று நீ சொல்வாய். இராசன் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கமலாக்காதான் குசினிக்கு வந்து கேட்டாள். நான் பலகாரத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தேன். மணம் அவள் வீட்டுக்கும் போயிருக்கும்.

“பிள்ளையை வரச்சொல்லிப் போட்டியோ?”

“இன்னும் இல்லை அக்கா.”

“சொல்லாதை.”

அவள் என் கையிலிருந்த அகப்பையை வாங்கினாள். “இப்பிடிப் பாத்துக்கொண்டு நிண்டால் கருகும். தள்ளு” என்றாள். பிறகு சொன்னாள், “கலியாணத்துக்கு நான் வந்து பலகாரம் சுடுறன். பந்தல் போடு, சொந்தக்காரருக்குச் சொல்லு, எல்லாம் செய். மாப்பிள்ளை மட்டும் வேண்டாம்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ஒருத்தி பயறு வறுக்க ஒருத்தி பார்க்க, நாங்கள் இருவரும் நின்று சிரித்தோம். அப்பா எட்டிப் பார்த்து, “என்ன பகிடி, எனக்கும் சொல்லுங்கோவன்” என்றார். சொல்லக்கூடிய பகிடி இல்லை அது.

ஆகவே இப்படிச் செய்வோம். சுகந்தியைத் தாயும் தகப்பனும் இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குத் திருச்சியில் சொந்தம் இருக்கிறது. நீ நேரே அங்கே போ. அங்கே ஒரு கோயிலில் தாலியைக் கட்டி, அங்கிருந்தே அவளைக் கூட்டிக்கொண்டு போ. அவளிடம் கேட்டேன். “அவர் வாறதெண்டால் நான் வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பன் மாமி” என்றாள். உன்னைவிட அவளுக்கு மூளை கூட. இன்னொன்றும் சொன்னாள், நீ அவளுக்கு எழுதுகிற கடிதமெல்லாம் மீனாகவே இருக்கிறதாம். ஒரு தாளிலாவது மனிசருடைய கதையை எழுது. நானும் அப்பாவும் வரமாட்டோம். அவரால் அந்தக் காலோடு பயணம் செய்ய ஏலாது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இது யாருடைய வீடாக இருக்குமோ தெரியாது. கேட்பவர்களுக்கு நான் வேறு காரணம் வைத்திருக்கிறேன். நுரைச்சட்டிக்குத் தண்ணீர் விட ஆளில்லை என்று சொல்லப்போகிறேன். எல்லோரும் என்னைப் பைத்தியம் என்பார்கள், சொல்லட்டும்.

உனக்குக் கோபம் வரும். தாய் மகனைப் பார்த்து வராதே என்று எழுதினால் யாருக்குத்தான் வராது? படு. அங்கே இருந்துகொண்டு எவ்வளவு காலமும் கோபப்படு. எனக்கு உன்னைப் பார்க்க ஆசையில்லையா என்று கேட்காதே. ஆசை இருக்கிற இடத்தைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இருக்கிறதுதான், விறைத்துப்போய் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நீ அங்கே தாலி கட்டுகிற நேரத்துக்கு இங்கே கமலாக்கா அடுப்படியில் நிற்பாள். வந்த சனத்துக்கு நான் பலகாரம் கொடுத்து, மாப்பிள்ளைக்கு வெட்கம், அதுதான் வரவில்லை என்று எல்லோருக்கும் ஒரே பகிடியைச் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த வேலையை நான் சரியாகச் செய்வேன். நீ எனக்காக ஒன்று செய்யவேண்டும். அன்றைக்கு எனக்குப் போன் எடுக்காதே. அடுத்த நாள் எடு, இரண்டு பேரும் எடுங்கள், சாப்பாடு எப்படி, மழை பெய்ததா என்று எல்லாம் கதைப்போம். அன்றைக்கு மட்டும் வேண்டாம். அன்றைக்கு உன் குரலைக் கேட்டால் நான், வா மகன் என்று சொல்லிவிடுவேன். நீயும் வந்துவிடுவாய்.

அம்மா